வியாழக்கிழமை இல்லாத பயணம்

நகரியில் ஜெயச்சந்திரனைப் பற்றி யாரைக் கேட்டாலும், மனுஷன் எதற்கும் 'சரி' என்பார், பஞ்சாங்கம் பார்த்தால் மட்டும் ஒரு எழுத்து கூட்டியும் சொல்லமாட்டார் குறைத்தும் சொல்லமாட்டார் என்பார்கள். ஊர் இதைப் பாராட்டாகத்தான் சொன்னது. அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டி, வலது மணிக்கட்டில் புத்தூர்க் கட்டோடு, இடது கையால் சோற்றை அள்ளி வாயில் வைக்கும்போதுதான் அந்தப் பாராட்டு தன்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

அவர் சோசியர் இல்லை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு விசைத்தறி வைத்து வேட்டியும் லுங்கியும் நெய்கிறவர். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், மற்றபடி சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில், திருத்தணியில் வாங்கிய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டி அது அவருக்குப் படிந்துவிட்டது. காசு வாங்கமாட்டார் என்பதால் தெருவே அவரிடம் நாள் கேட்டது.

தொண்ணூறுகளுக்குப் பிறகு கேட்பவர்கள் அதிகமானார்கள். ஊர்ப்பிள்ளைகள் முதலில் பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனார்கள், அப்புறம் குவைத்துக்குப் போனார்கள், அதற்கப்புறம் ஹைதராபாதில் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்த கையோடு அமெரிக்காவுக்கே போனார்கள். முன்பெல்லாம் நாள் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பார்கள். இவர்கள் டிக்கெட் எடுத்துவிட்டு நாள் பார்க்க வந்தார்கள். டிக்கெட் கெட்ட நாளில் விழுந்திருந்தால் ஜெயச்சந்திரன் பரஸ்தானம் வைக்கச் சொல்வார். அதாவது, இரண்டு நாள் முன்னாலேயே நல்ல நேரத்தில் ஒரு பையில் துணியைப் போட்டு எதிர்வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. நாளும் தப்பாது, விமானமும் தப்பாது.

அவருடைய மகன் கிரண்குமார் டல்லாசுக்குப் போனதும் இப்படித்தான். மகள் பிரேமலதா கல்யாணமாகி சிட்னிக்குப் போனதும் இப்படித்தான். இரண்டு பேருடைய பையும் எதிர்வீட்டு அம்சவேணியின் வீட்டில்தான் இருந்தது. அவள் அவர் தறி நாடாவுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறவள். "எங்க ஊட்ல பை வெச்சவங்க அல்லாரும் ஏரோபிளேன் ஏறிட்டாங்க, நான்தான் இங்கியே கீறேன்" என்று சிரிப்பாள்.

இத்தனை பேருக்கு நாள் பார்த்துக் கொடுத்தாரே, ஒன்றைக் கவனிக்க வேண்டும். போகிற நாளைத்தான் எல்லோரும் கேட்டார்கள். வருகிற நாளை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

கிரண்குமாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. முதல் ஆறு மாதம் மருமகளின் அம்மா போய் இருந்தாள். அந்த அம்மா திரும்பிய வாரமே ஜெயச்சந்திரனின் மனைவி பத்மினி கிளம்பினாள். தறியில் ஷிப்டு மாற்றுவது போலத்தான் இருந்தது. வாழ்நாளில் திருமலையைத் தாண்டி எந்த மலையும் ஏறாதவள், முழங்கால் வலியோடு, இரண்டு ஸ்வெட்டரும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு உலகத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். ஆறு மாதம்தானே என்று இவர் சொன்னார். ஆறு மாதம்தானே என்று அவளும் சொன்னாள்.

அந்த ஆறு மாதத்தை ஜெயச்சந்திரன் எப்படித் தள்ளினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காலையில் டீ குடிக்கும்போது டல்லாசில் ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும், கிரண்குமார் போனில் கூப்பிடுவான். மத்தியானம் சாப்பிட்டு எழும்போது சிட்னியில் சாயங்காலம், பிரேமலதா கூப்பிடுவாள். இரண்டுக்கும் நடுவில் தறி. சாயங்காலம் தறியை நிறுத்தினால் வீடு திடீரென்று அமைதியாகிவிடும். அந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னால், அவருக்குப் பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்த வயதில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்வதற்குப் பதிலாகக் குளியலறையை இடித்துக் கட்டினார். பத்மினியால் கீழே உட்கார்ந்து எழ முடியாது. அமெரிக்காவில் நாற்காலி போல உட்காரும் கழிப்பறைக்குப் பழகியிருப்பாள். அதனால் அதேபோன்ற ஒன்றை வாங்கி வைத்து, தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டு, பிடித்து எழச் சுவரில் கம்பி பதித்தார். அவளிடம் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தார். வேலை முடிந்த மறுநாள் அந்த வெள்ளை டைல்ஸில் அவரே வழுக்கி விழுந்தார். கம்பியைப் பிடிக்கப் போன கை, கம்பியில் அடிபட்டே ஒடிந்தது.

அம்சவேணிதான் ஆட்டோ பிடித்துப் புத்தூருக்குக் கூட்டிப்போனாள். முட்டையின் வெள்ளைக்கருவும் பச்சிலையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கட்டினார்கள். திரும்பும்போது அவர் அம்சவேணியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

"அக்காகிட்ட சொல்லாத. அங்க இருந்து அவ இன்னா பண்ணுவா? சும்மா அய்துகினு இருப்பா. வந்தப்புறம் பாத்துக்கிடலாம்."

"இன்னும் கொஞ்ச நாள்ல அக்கா வந்துடும்ல? சரிண்ணா" என்றாள் அம்சவேணி.

அதிலிருந்து வீடியோவில் பேசும்போதெல்லாம் போனை இடது கையில் பிடித்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். இன்னா நைனா, மூஞ்சி மட்டும் காட்றே, கொஞ்சம் தள்ளிப் பிடி என்று கிரண்குமார் கேலி செய்வான். இவர் சிரித்துக்கொள்வார்.

பத்மினி வர வேண்டிய மாதத்தில் ஒரு காலை, கிரண்குமார் வழக்கத்தைவிட உற்சாகமாகக் கூப்பிட்டான்.

"நைனா, பிரேமாவுக்கு டெலிவரி டேட் குடுத்துட்டாங்க. அம்மா இங்கருந்து நேரா சிட்னி போய்ட்டா செட் ஆய்டும். டைரெக்ட் ஃபிளைட் கீது. பதிமூவாயிரத்து எட்நூறு கிலோமீட்டர், பதினேழு மணி நேரம். ஒரே உட்கார்ல போய் எறங்கிடலாம்."

ஜெயச்சந்திரனுக்கு முதலில் புரியவில்லை. "ஊருக்கு வந்துட்டுப் போகலாமேடா."

"அதத்தான் சொல்றேன். இங்கருந்து மெட்ராஸ் வர்றதுக்கே ஒரு முழு நாளு. நடுவுல எங்கனா மாறணும். அங்கருந்து காருல நகரி. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் மெட்ராஸ், சிங்கப்பூர், சிட்னி. அம்மா காலு தாங்குமா? அவ்ளோ தூரம் சுத்தறதுக்கு இது தேவல இல்லியா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பெரிய வேலையில் இருக்கிறவன், கணக்கில் தப்பமாட்டான். டல்லாசிலிருந்து சிட்னிக்குப் போகிற வழியில் நகரி இல்லை, அவ்வளவுதான். ஜெயச்சந்திரனின் வீடு அவர் பெண்டாட்டிக்கே சுற்றுவழியாகிவிட்டது. கையைப் பற்றிச் சொன்னால் போதும், அவள் வந்துவிடுவாள். ஆனால் சொன்னால் அங்கே நிறைமாதமாக இருக்கும் மகள் தவித்துப்போவாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். வழக்கமாக வருவதுதான் வந்தது.

"சரிடா" என்றார்.

பத்மினி போனை வாங்கினாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. முகம் இளைத்திருந்தது. இவரையே பார்த்தாள்.

"ஏங்க, நாள் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "நீங்க பாத்துச் சொல்லாம நான் கெளம்பமாட்டேன். நல்லா பாத்துச் சொல்லுங்க."

கிரண்குமார் பின்னாலிருந்து, "பாரு நைனா, அந்த வாரத்துல எந்த நாளுன்னாலும் டிக்கெட் கீது" என்று குரல் கொடுத்தான்.

இந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு பெண் அத்தனை கண்டங்களுக்கு அப்பாலிருந்து 'நல்லா பாத்துச் சொல்லுங்க' என்று அழுத்திச் சொல்கிறாள். இவர் என்ன செய்தார்? நிஜமாகவே நன்றாகப் பார்த்தார். ஆணியில் தொங்கிய மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் பஞ்சாங்கத்தோடு கிடந்தார்.

சாதாரண வேலையாகவும் அது இல்லை. சிட்னி எந்தத் திசை? நகரியிலிருந்து பார்த்தால் கிழக்கு. பிரேமலதாவைக் கேட்டால், டல்லாசிலிருந்து விமானம் மேற்கே பறந்து வருகிறது என்றாள். ஒரே ஊர் இங்கிருந்து போன மகளுக்குக் கிழக்கிலும் அங்கிருந்து போகிற அம்மாவுக்கு மேற்கிலும் இருந்தால் சூலம் எப்படிப் பார்ப்பது? கிளம்புகிற இடத்திலிருந்து பார்ப்பதுதான் முறை என்று முடிவுசெய்தார். மேற்கே சூலம் வெள்ளியும் ஞாயிறும். ஆகவே அந்த இரண்டும் தள்ளுபடி. பத்மினியின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் வருகிற நாட்கள் தள்ளுபடி. மிஞ்சியதில் நல்லது புதன்கிழமை. புதன் ராத்திரி கிளம்பினால் எப்போது போய்ச் சேருவாள் என்று கிரண்குமாரைக் கேட்டார்.

"வெள்ளிக்கெழம காலைல."

"பதினேழு மணி நேரம்தானடா? வியாழக்கெழம எங்க போச்சு?"

"நடுக்கடல்ல தேதிக்கோடுன்னு ஒண்ணு கீது நைனா. அதத் தாண்டனா ஒரு நாளு போய்டும். அம்மாவுக்கு அந்த வாரம் வியாழக்கெழமையே கெடையாது."

ஜெயச்சந்திரன் இதை ஒரு பொழுது முழுக்க யோசித்தார். தறியில் நூல் அறுந்து, துணியில் ஓட்டை விழுந்து, அம்சவேணி வந்து சத்தம் போடும் வரை யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் பஞ்சாங்கம் பார்த்தும் இப்படி ஒரு நாள் அகப்பட்டதில்லை. மறுநாள் காலை பத்மினியிடம் பெருமையோடு சொன்னார்.

"புதன்கெழம ராத்திரி கெளம்பு. அப்படி ஒரு நாளு அமையாது. ராகுகாலம், எமகண்டம் எல்லாத்தையும் தாண்டிக் கெளம்பறே. பயணத்துல வர்றது வியாழக்கெழம. அந்த வியாழக்கெழமையே உனக்கு இல்ல. இல்லாத நாள்ல ராகுகாலம் எங்க வரும்? தோஷமே இல்லாத பயணம் பத்மினி. பரஸ்தானம்கூட வேணாம்."

பத்மினி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது. இன்னொருவாட்டி பாருங்களேன். எங்கியாவது தப்பா பாத்துட்டிருக்கப்போறீங்க."

இவருக்குச் சுருக்கென்றது. "இத்தன வருஷத்துல நான் தப்பா பாத்திருக்கேனா?"

"இல்ல" என்றாள் பத்மினி. "நீங்க தப்பாவே பாக்கமாட்டீங்க." போனை மகனிடம் கொடுத்துவிட்டாள்.

பத்மினிக்கு இல்லாத அந்த வியாழக்கிழமை இவருக்கு முழுசாக இருந்தது. காலை டீயின்போது டல்லாஸ் கூப்பிடவில்லை, அவளை விமானம் ஏற்றிவிடப் போயிருந்தார்கள். மத்தியானம் சிட்னியும் கூப்பிடவில்லை, அங்கே விடியற்காலையில் விமான நிலையம் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கட்டு மாற்ற வேண்டும். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு புத்தூர் போனார். பழைய கட்டை அவிழ்த்தபோது கை வெளுத்து, சூம்பி, வேறு யாருடைய கையோ போலிருந்தது. கூட யாரும் வரலியா பெரியவரே என்று கட்டுப்போடுகிறவர் கேட்டார். வராங்க, வழியில இருக்காங்க என்று சொல்லிவிட்டார்.

பத்மினி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள். பிரேமலதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இவர் தெருவுக்கே லட்டு கொடுத்தார். கொடுத்த கை இடது கை என்பதைத் தெரு பார்த்தது, சிட்னி பார்க்கவில்லை.

உண்மை வெளியே வந்தது அம்சவேணியால். பத்மினி குழந்தை பிறந்த சந்தோஷத்தில் அவளுக்கும் ஒருநாள் போன் செய்திருக்கிறாள். அண்ணனுக்குச் சோறு ஒழுங்காப் போவுதா என்று கேட்டாளாம். அம்சவேணி வாய்தவறி, "இன்னா துன்றாரு? எடதுகைல எவ்ளோ துன்ன முடியும்?" என்று சொல்லிவிட்டாள். அடுத்த நிமிஷம் ஜெயச்சந்திரனின் போன் அடித்தது.

"கையக் காட்டுங்க" என்றாள் பத்மினி.

காட்டினார். போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கட்டை உயர்த்திக் காட்டினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எப்படி, எப்போது, எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளியலறை, டைல்ஸ், கம்பி எல்லாவற்றையும் அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

"எனக்காகப் பாத்ரூம் கட்னீங்க. அதுல உழுந்து கைய ஒடச்சிக்கினீங்க. அப்புறம் எனக்கு வேற ஊருக்கு நாளும் பாத்துக் குடுத்தீங்க" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நீ கேட்ட, பாத்தேன்."

"நான் எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க?" என்றாள். "பெத்த புள்ளைங்ககிட்ட நான் வரலன்னு என் வாயால சொல்ல முடியுமா? ஆறு மாசம் அந்த நாலு செவுத்துக்குள்ள இருந்தேன். ஒரு பத்து நாளு என் ஊட்ல, என் பாயில கால நீட்டிப் படுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். நாள் சரியில்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கிரணு ஒண்ணும் பேசியிருக்கமாட்டான். அதுக்குத்தான நல்லா பாத்துச் சொல்லுங்கன்னேன். நீங்க போய்... வியாழக்கெழமையே இல்ல, தோஷமே இல்லன்னு..."

ஜெயச்சந்திரன் தறியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அது ஏற்கனவே நின்றுதான் இருந்தது. இரைச்சல் அவர் காதுக்குள்ளிருந்து வந்தது.

"நீ வரணும்னுதான் நானும்..." என்று ஆரம்பித்தார்.

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

சரி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பத்மினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அப்புறம் மாதங்கள் போயின. அவருக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கை எலும்பு கூடிவிட்டது, ஆனால் மழைக்காலத்தில் வலித்தது. பத்மினிக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. இரண்டு பேரும் போனில் வலிகளைப் பற்றிப் பேசினார்கள், வேறு பேச அலுப்பாக இருந்தது. புதுக் குளியலறையை அவர் பயன்படுத்தவில்லை. வாளியை வைத்து வெளியே தொட்டியடியில்தான் குளித்தார்.

சிட்னியில் பத்மினியின் தவணை முடிய இருந்த மாதத்தில் ஒரு காலை, கிரண்குமார் அம்மா அப்பா இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துக் கூப்பிட்டான். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் அவன், ஒன்றில் மடியில் குழந்தையோடு பத்மினி, ஒன்றில் இவர்.

"நைனா, இங்க இவளுக்கு ஆபீஸ்ல ஷிப்டு மாத்திட்டாங்க. பையனப் பாத்துக்கறதுக்கு ஆளு இல்ல. அம்மா அங்கருந்து நேரா இங்க வந்துட்டா நல்லா இருக்கும். திரும்பி வரும்போது இன்னும் சீக்கிரம், பதினஞ்சு மணி நேரம்தான். போன வாட்டி போன வியாழக்கெழமையும் அம்மாவுக்குத் திரும்பக் கெடச்சுடும்." சிரித்தான். "நீ நாளு மட்டும் பாத்துச் சொல்லிடு."

பத்மினி குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்லா பாத்துச் சொல்லுங்க என்று இந்த முறை கேட்கக்கூட இல்லை. கேட்டுச் சலித்துவிட்டாள்.

ஜெயச்சந்திரன் பஞ்சாங்கத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிரித்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார்.

"அந்த வாரம் நாளு சரியில்ல" என்றார்.

"பரவால்ல, அதுக்கு அடுத்த வாரம் போடறேன்."

"அடுத்த வாரமும் சரியில்ல."

"அப்ப ஒரு பரஸ்தானம் வெச்சிடு நைனா, அம்சவேணி அத்த ஊட்ல. எப்பவும் வெப்பியே."

மகன் இத்தனை ஞாபகம் வைத்திருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் புரட்டினார்.

"வெக்கலாம். ஆனா அவ கைப்பட வெச்சாதான் செல்லும். அவ பை, அவ துணி, அவ காலடி. இங்க வந்து வெச்சிட்டுதான் போவணும். சிட்னில இருந்து டல்லாசுக்கு நேராப் போறதுக்கு உங்கம்மா ராசிக்கு இந்த வருஷம் பூரா நாளே இல்லடா."

"பூரா வருஷமா?"

"பூரா வருஷம்."

கிரண்குமார் தலையைச் சொறிந்தான். அப்பா பஞ்சாங்கத்தில் பொய் சொல்லமாட்டார் என்பது ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? ஒருதடவை பெருமூச்சு விட்டான். "அப்ப ஊருக்குத்தான் டிக்கெட் போடணும். இன்னாம்மா சொல்ற?"

பத்மினி அப்போதுதான் திரையை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். ஜெயச்சந்திரனால் அத்தனை பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. அவருடைய மூக்குக் கண்ணாடி பின்னால் சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகன் அதைக் கவனிக்கவில்லை.

"நைனா பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஊருக்கே போட்டுடு" என்றாள். பிறகு இவரிடம், "ஏங்க, நான் வர்றதுக்கு எந்த நாளு நல்லாருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டது அவள்தான். ஜெயச்சந்திரன் பஞ்சாங்கத்தை மூடிக் கீழே வைத்தார்.

"எல்லா நாளும் நல்ல நாளுதான். வா" என்றார்.